சுவரோரம் சாய்த்த பலகை

"இந்த வருஷம் கடைச் சாமானே கூடாது. கிறிஸ்மஸ் பரிசெல்லாம் அவங்கவங்க கையால செஞ்சதா இருக்கணும்" என்று நாத்தனார் அறிவித்தபோது அவள் தலையாட்டி வைத்தாள். மறுத்துத்தான் என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரம்பில்லாமலே பிள்ளைகளை அடக்கிய டீச்சர் அவர். வீட்டிலும் அதே குரல்தான்.

அவளுக்கு பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிற வேலை. டிசம்பர் பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால், நாத்தனார் மரப்பட்டறைச் சாவியைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தச்சனாக இருந்த கணவன் போய் இரண்டு வருஷம். பட்டறையைக் கூட்டிப் பெருக்குவதோடு சரி, வேறெதையும் அவள் தொட்டதில்லை.

"மூலையில கெடக்குற துண்டையெல்லாம் எடுத்துக்குங்க அண்ணி. சுவரோரமா சாய்ச்சு வெச்சிருக்கற பலகையை மட்டும் தொடாதீங்க."

"உன் பலகையை நான் என்ன தலையில தூக்கிட்டா போகப்போறேன்?"

அது தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்காகக் கணவன் பார்த்துப் பார்த்து இழைத்த பலகை. கால் பொருத்துவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

கிறிஸ்மஸ் அன்று மாமனார் வீட்டில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். அவள் கொண்டுபோன சர்க்கரைப் பூப் பெட்டிகளை யாரும் பிரிக்கவில்லை. நாத்தனார் ஆளுக்கொரு ரிப்பன் பொட்டலம் நீட்டினார். பிரித்தால், மெழுகுவத்தி நிற்க வைக்கும் கட்டை. வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. சும்மா திருப்பிப் பார்த்தாள். அடியில் பென்சிலால் "அவ நாற்காலி" என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த அளவு அறுபட்டுப் போயிருந்தது. கணவன் கையெழுத்து. மேசையில் அவள் உட்காரும் இடத்துக்கு அவன் போட்ட குறி.

"அண்ணி, அந்தப் பலகையவா அறுத்தீங்க?"

"மூலையில இருந்ததெல்லாம் உளுத்த கட்டை. ரெண்டு வருஷமா சும்மா கெடக்குற பலகைதானே? என் தம்பி சாமானைத் தொட நான் யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேக்கணும். வேணாம்னு வாய்விட்டுச் சொன்னேனே!"

"கல்யாணமாகி நாலு வருஷம் இருந்தவ நீ. நான் அவனை இடுப்புல தூக்கி வளத்தவ."

"வளத்தவங்க செய்ற வேலையா இது?"

 பூப் பெட்டிகள் கொண்டுவந்த பையை விரித்துக்கொண்டு அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். கொழுந்தன் மறுபேச்சில்லாமல் தன் கட்டையைப் போட்டான். அவன் மனைவி பிள்ளைகளிடமிருந்தும் வாங்கிப் போட்டாள். "நல்ல நாளும் அதுவுமா பிச்சைக்காரி மாதிரி பையை நீட்டுறா பாரு" என்றார் நாத்தனார். அவர் மடியில் இருந்ததையும் அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

மாமனார் மட்டும் கட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"இது என் புள்ள இழைச்ச மரம்மா. எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டுமே."

நீட்டிய பையை அவள் மடக்கிக்கொண்டாள். நாத்தனார் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள்.

பட்டறையில் எட்டுத் துண்டுகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். ரம்பம் ஓடிய இடமெல்லாம் மரம் தூளாகப் போயிருந்தது. எப்படிச் சேர்த்தாலும் ரேகையோடு ரேகை ஒட்டவில்லை. மறுநாள் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

அடுத்த டிசம்பரில் நாத்தனார் எல்லோருக்கும் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருப்பதாகக் கொழுந்தன் வந்து சொன்னான். "உங்களுக்கும் ஒண்ணு பின்னட்டுமான்னு கேக்கச் சொன்னாங்க."

"என் தலையளவு அவங்களுக்குத் தெரியவேண்டாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.