தண்ணீருக்குள் இருந்த காற்று

அம்பலவாணர் வழக்கம்போல் ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி, காரின் முன்சில்லுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். தம் கண்முன் நடவாத எந்த வேலையையும் நடந்ததாகக் கொள்வதில்லை என்பது அவருடைய கொள்கை. பழுதுபார்க்கக் காரைக் கொடுத்தால் முடியுமட்டும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவார். சில்வெஸ்ரருக்கு அந்தக் கதிரை ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. இன்று இருந்தது.

ஊர்காவற்றுறைக் கரையில் படகு எஞ்சினுக்குச் சில்வெஸ்ரரை விட்டால் ஆளில்லை. கார்களையும் பார்ப்பார், ஆனால் கை பழகியது கடல் எஞ்சினில். படகில் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஒரு குழாயால் கடலிலிருந்து வரும், மறு குழாயால் கடலுக்கே போகும். தண்ணீர் வந்து போகிறவரை எஞ்சினுக்குக் கேடில்லை. காரின் தண்ணீர் எங்கும் போவதில்லை. ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டைச் சில்வெஸ்ரர் அறியாதவரல்லர். அதன் முழுப்பொருளையும் அறியாதிருந்தார், அவ்வளவுதான்.

எண்பத்து நான்காம் ஆண்டு மாசியில் அம்பலவாணரின் பிரெஞ்சுக் காருக்குச் சில்வெஸ்ரர்தாம் தண்ணீர் மாற்றினார். பழைய துருநீரை இறக்கினார். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளியதைத் துணியில் வடித்து வாய்மட்டத்துக்கு ஊற்றினார். எஞ்சினின் தலைமாட்டில், தண்ணீர்க் குழாய் வளையும் மேட்டில், சின்னப் பித்தளைத் திருகாணி ஒன்று இருப்பதைக் கண்டார். படகில் அப்படியோர் ஆணி டீசல் குழாயில் இருக்கும், எயார் எடுப்பதற்கு. டீசலுக்குள் காற்று நின்றால் எஞ்சின் நின்றுவிடும் என்பதால் அதை அவர் ஒருமுறையேனும் திறவாது விட்டதில்லை. தண்ணீருக்கு எதற்கு எயார் எடுப்பது, அது தன் பாதையைத் தானே கண்டுகொள்ளும் என்று எண்ணி மூடியை இறுக்கினார். கதிரையிலிருந்து அம்பலவாணர் திருப்தியுடன் எழுந்து போனார்.

மூன்றாம் நாள் இறுப்பிட்டியில் சத்தியபாமா என்ற பெண்ணுக்கு வலி கண்டது. அம்பலவாணருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பதினொரு ஆண்டுகளாக அவருடைய காரை வாடகைக்கு ஓட்டியவர் வேலணைத் தம்பிஐயா. அவர் அவளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு விரைந்தார். பண்ணைப் பாலத்தின் நடுவில் சூட்டு முள் சிவப்பில் ஏறி, மூடிக்குள்ளிருந்து ஆவி சீறி, கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் அவளை ஏற்றிக்கொண்டது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். கார் சூடு ஆறும்வரை காத்திருந்த தம்பிஐயா, வீதியின் இருபுறமும் கடலேயன்றி வேறு தண்ணீர் இல்லாமையால் அதையே அள்ளி ரேடியேற்றரை நிரப்பினார். கார் பிறகும் ஓடவில்லை. உழவுயந்திரம் ஒன்று அதைச் சில்வெஸ்ரரின் முற்றத்துக்கு இழுத்து வந்தது.

அன்று ரேடியேற்றர் வாய்மட்டம் நிறைந்திருந்தது. ஏதோ ஐயத்தில் சில்வெஸ்ரர் அந்தப் பித்தளை ஆணியை அரைச் சுற்றுத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. காற்று வந்தது, நெடுநேரம் வந்தது. ரேடியேற்றர் நிறைந்திருக்க, எஞ்சினின் தலை வறண்டு கிடந்திருக்கிறது. தாம் ஊற்றிய நாளிலும் அப்படித்தான் கிடந்திருக்கும். முற்றத்தில் வேறொருவரும் இல்லை. அவர் ஆணியை அரைச் சுற்று மூடினார்.

சற்று நேரத்தில் அம்பலவாணர் வந்து சேர்ந்தார். ரேடியேற்றரில் விரலைத் தோய்த்து நாவில் வைத்தார்.

"உப்பு! உப்புத் தண்ணியாலைதானே எஞ்சின் போனது?"

"உப்பெண்டால் உப்புத்தான் ஐயா" என்றார் சில்வெஸ்ரர்.

அந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல்லும் இல்லை. பிழை தம்பிஐயாவினுடையது என்றும் அது சொல்லவில்லை. அம்பலவாணர் அவ்வாறு பொருள்கொண்டார், சில்வெஸ்ரர் திருத்தவில்லை. அன்றே தம்பிஐயாவின் வேலை போயிற்று. வேலணைச் சந்தியில் அவருக்கு 'உப்பர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தலைக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கஸ்கற் என்னும் அடைப்புத் தகடு வெந்து போயிருந்தது. வழக்கமாக அது வாங்கும் கொழும்புக் கடை முந்திய ஆடிக் கலவரத்தில் எரிந்துவிட்டது. வேறிடத்தில் தேடி எடுப்பிக்க ஏழு வாரம் சென்றது. இன்று தலையைப் பூட்டியாயிற்று. உப்பைக் கழுவியாயிற்று. இனித் தண்ணீர் ஊற்றி, அந்த ஆணியைத் திறந்து, காற்றை எடுக்கவேண்டும். எதிரே கதிரை. சென்றமுறை செய்யாத ஒன்றை இந்த முறை செய்தால், அது செய்யப்படாதிருந்தது என்று அதுவே சொல்லிவிடும். திறவாமல் விட்டாலோ, கார் மறுபடியும் எந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு எந்தப் பாலத்தில் நிற்குமோ!

"ஐயா, உள்ளை போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. வெயில் ஏறுது."

"தேத்தண்ணி இஞ்சை வரட்டும்."

தேத்தண்ணீருடன் வந்தவள் சில்வெஸ்ரரின் மனைவி மாக்கிறேற். அவளுக்கும் இந்த ஆணியின் கதை தெரியாது.

"நேற்று வேலணையிலை தம்பிஐயா அண்ணையைக் கண்டனான். சைக்கிளிலை பனையோலையைக் கட்டி உருட்டிக்கொண்டு போறார். என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் பாக்கிறார், பாவம்."

"பாக்கட்டும்" என்றார் அம்பலவாணர். "கடலை அள்ளிக் காருக்குள்ளை விட்டவன் வேறை எங்கை பாக்கிறது? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளை மீன் பிடிச்சிருக்கலாம்!"

மாக்கிறேற் சிரித்தாள். சில்வெஸ்ரர் ஸ்பனரை எடுத்து ஆணியில் பொருத்தினார்.

மெல்லத் தண்ணீரை ஊற்றினார். ஆணியின் வழியே முதலில் காற்று இரைந்தது. பிறகு குமிழும் நீருமாகத் துப்பியது. கடைசியில் நூல்போல நீர் அறாது வந்தது. ஆணியை மூடி, எஞ்சினை இயக்கி, சூடேறவிட்டு நிறுத்தினார். ஆறியபின் மறுபடி திறந்தார். மிஞ்சியிருந்த காற்றும் போயிற்று. குறைந்த நீரை நிரப்பினார். இவ்வளவையும் அம்பலவாணர் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன முறை நீர் இந்த ஆணியைத் திறந்ததை நான் காணேல்லையே?"

"திறக்கேல்லை ஐயா."

"திறக்கத் தேவை இருக்கேல்லையோ?"

"இருந்தது."

கிண்ணம் நிலத்துக்கு வந்தது. "அப்ப தம்பிஐயா?"

"அவரிலை ஒரு பிழையும் இல்லை. அவர் தண்ணி விட முந்தியே கஸ்கற் வெந்து போச்சு. என்ரை படகு எஞ்சினெல்லாம் பிறந்ததிலை இருந்து உப்புத் தண்ணிதான் குடிக்குது. ஒரு நாள் உப்பிலை ஒண்டும் சாகாது."

"இது உமக்கு எப்ப தெரியும்?"

"கார் வந்த அண்டைக்கே."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளையே மறுமொழி இருந்தது ஐயா. எனக்கு அது வசதியாப் போச்சு."

அம்பலவாணர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "என்ரை கையாலை ஒருத்தன்ரை சோத்திலை மண்ணைப் போடுவிச்சுப்போட்டீர். காரைக் கொண்டுபோய்த் திறப்பை அவனிட்டைக் குடும். நாளையிலை இருந்து வரட்டாம் எண்டு சொல்லும். நான் பஸ்ஸிலை போறன். உம்மோடை ஒரு காரிலை இருக்க இண்டைக்கு எனக்கு ஏலாது."

வேலணை வரை சூட்டு முள் நடுவைவிட்டு அசையவில்லை. சில்வெஸ்ரர் வீதியைக் காட்டிலும் முள்ளையே அதிகம் பார்த்தார்.

தம்பிஐயா வளவுக்குள் ஓலை அடுக்கிக்கொண்டிருந்தார். காரின் சத்தத்துக்கு நிமிர்ந்தவர், இறங்கியவரைக் கண்டு மறுபடி குனிந்தார். சில்வெஸ்ரர் வாசற் படலையடியில் நின்றே சொன்னார். ஆணியை, காற்றை, மூடிய அரைச் சுற்றை, உப்பென்று சொன்னதை, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபின் காரின் திறப்பை நீட்டினார்.

தம்பிஐயா அதை வாங்கவில்லை.

"ஐயா கூப்பிடுறார் அண்ணை. நாளைக்கே வரட்டாம்."

"ஏலாது."

"என்னிலை கோவமெண்டால் ரண்டு அடி அடியுங்கோ. வேலையை விடாதேங்கோ."

"கோவம் இருக்குத்தான். அது வேறை." ஓர் ஓலையை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். "அண்டைக்கு அந்தப் பிள்ளையைப் பஸ்ஸிலை ஏத்திப்போட்டுப் பாலத்திலை தனிய நிண்டனான். முள்ளைப் பாராத என்ரை கவலையீனத்தாலை ரண்டு உயிர் போகப்போகுது எண்டு நினைச்சன். நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சன், தாயும் பிள்ளையும் தப்பினால் இனி ஸ்ரேறிங்கைத் தொடமாட்டன் எண்டு. தப்பிட்டினம்."

"அது உங்கடை பிழையெண்டு நினைச்செல்லோ வைச்சனீங்கள்? பிழை என்ரை."

"பிழை உம்மடை" என்றார் தம்பிஐயா. "நேர்த்தி என்ரை. அம்மாளிட்டைப் போய், ஆள் மாறிப்போச்சு, திருப்பித் தா எண்டு கேக்கிறதே? தந்த உயிரை அவ திருப்பிக் கேட்டால்?"

 சில்வெஸ்ரரின் சமயத்தில் நேர்த்தியை விலக்கப் பாதிரியார் உண்டு. அதை இங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அண்டைக்கு இரவே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்," தம்பிஐயா நிமிராமலே சொன்னார், "நயினாதீவுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி நேர்த்தியை உறுதி பண்ண முந்தி எனக்குத் தெரிஞ்சிருக்கும். கொளுத்தினது அதுக்கடுத்த வெள்ளி. போம், வெயிலுக்கை காரை விடாதேயும்."

திறப்பை எடுத்துக்கொண்டு சில்வெஸ்ரர் திரும்பினார். அம்பலவாணரின் வீட்டுக்கு வேலணைச் சந்தியைக் கடந்துதான் போகவேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் காரை அடையாளம் கண்டார்கள்.

"பாரடா, உப்பரின்ரை கார் ஓடுது!" என்றான் ஒருவன். "கருவாடு ஏத்தவோ அண்ணை?"

கூட்டம் சிரித்தது. சில்வெஸ்ரர் எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கினார். படகு எஞ்சினுக்குத் தண்ணீர் எப்படி வந்து போகும் என்பதிலிருந்து தொடங்கினார். அங்கே தொடங்கினால்தான் முறையாக விளங்கும் என்று அவருக்குத் தோன்றிற்று. பித்தளை ஆணிவரை வந்தபோது யாழ்ப்பாணப் பஸ் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர், எஞ்சினைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்ற அளவில், முண்டியடித்து ஏறிப் போனார்கள். கருவாடு கேட்டவனும் அவர்களில் ஒருவன். மற்றவர்களுக்கு அவர் மிச்சத்தைச் சொன்னார்.