இடப்பக்கத்து மூச்சு

இருபத்தேழாவது தடவையும் அவள் முந்திக்கொண்டாள்.

“நிறுத்துங்க,” என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர். “நாலு தாளம் விட்டுத்தான் அடுத்த வரி. ரயிலுக்கா நேரமாச்சு?”

பாடகிக்கு அழுகை முட்டியது. பத்து வருடம் அண்ணனின் இசைக்குழுவில் பாடியவள், தனியாக வெளியிடப்போகும் முதல் ஆல்பம் இது. ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதில் ஒவ்வொரு வரி முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். காதுக்குள் டிக் டிக்கென்று தாளம் விட்டும் பார்த்தார்கள், குரல் விறைத்துப்போனது.

“அஞ்சு மணிக்கு வேற ஆளு வந்துடுவாங்கம்மா. வெட்டி ஒட்டிடட்டுமா?”

“வேண்டாம் சார். முழுசாப் பாடினாத்தான் அது என் பாட்டு.”

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள் தாளம் எண்ணியதே இல்லை. மேடையில் இடப்பக்கம் நின்று துணைக்குரல் பாடும் அண்ணி மூச்சை இழுப்பாள், தோள் உயரும், இவள் அடுத்த வரியை எடுப்பாள். அந்த அண்ணியிடம்தான், “உங்களையெல்லாம் சுமந்தது போதும்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, கோவமா?”

“பின்ன, குளுகுளுன்னா இருக்கும்? எங்க இருக்க?”

நாலரைக்கு அண்ணி வந்தாள். மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. விஷயத்தைக் கேட்டதும், “மகாராணிக்கு எண்ணக்கூடத் தெரியலையா?” என்றாள். ஆனால் கைப்பையை வைத்துவிட்டு, இடப்பக்கம் போய் நின்றாள்.

வரி முடிந்தது. வாத்தியங்கள் நின்றன. தோள் உயர்ந்தது. பாட்டு கடைசிவரை தடுக்கி விழவில்லை.

கடவுள் சில உதவிகளைக் கோபத்தோடு சேர்த்தே அனுப்பிவைக்கிறார். பிரித்து வாங்கிக்கொள்ள நமக்குப் பணிவு வேண்டும்.

ஒலிப்பதிவாளர் போட்டுக் கேட்டார். “இவங்க மூச்சுச் சத்தம் ஒவ்வொரு இடத்துலயும் விழுந்திருக்கு. எடுத்துடறேன்.”

“எடுக்காதீங்க சார்,” என்றாள் பாடகி. “அட்டையில அண்ணி பேரையும் போடணும். அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

“தப்புதான். பாட்டு நல்லாயிருக்கு. கோவம் இன்னும் போகல. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, மிச்சத்தையும் திட்டணும்.”