பாய்லர்காரரின் அழுத்தம்

"என் பிரஷர் ஏறின ஏத்தத்தைப் பார்த்து, அளக்கிற மெஷினே கும்பிடு போட்டுட்டு அணைஞ்சுபோச்சுடா!"

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பாய்லர்காரருக்கு ஒரு பக்க வாய்தான் வேலை செய்தது. இரண்டு பக்கத்துப் புளுகும் அதன் வழியாகவே வந்தது. பார்க்க வந்த பழைய கூட்டாளி வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மச்சான் சிரிக்கவில்லை. அத்தான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு, மீதியையும் நம்பாமல் இருப்பதுதான் அவர் வழக்கம்.

சலவை ஆலையில் முப்பது வருஷம் நீராவியோடு மல்லுக்கட்டியவர் பாய்லர்காரர். முள் ஏறினால் வால்வைத் திற, இறங்கினால் மூடு. அதே வித்தையை உடம்பிலும் காட்டினார். பிரஷர் இறங்கியதும் மாத்திரையை மூட்டை கட்டிவிட்டார். "மாத்திரை போடுறதாலதான் சரியா இருக்கு, நீங்களா நிறுத்தாதீங்க" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டது அவர் காதில் ஏறவில்லை. மூன்றே வாரம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த வலது கை பாதியில் துவண்டு விழுந்தது. இப்போது அது போர்வைமேல் யாருடையதோ போலக் கிடந்தது.

"நானும்தான் பத்து நாளா மாத்திரையை நிறுத்திட்டேன். கல்லு மாதிரி இருக்கேன். இவன் புளுகுக்கெல்லாம் பயப்பட முடியுமா?" என்றார் கூட்டாளி.

மச்சான் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்பவே கீழே போய் டாக்டரைப் பாருங்க. எங்க அத்தான் பொய்யர்தான். ஆனா இது நடந்துச்சு. மூணு தடவை கையில பட்டையைக் கட்டினாங்க. மூணு தடவையும் எண்ணே வராம மெஷின் அணைஞ்சுபோச்சு. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."