முப்பத்தோரு வருஷத் தீ

தீவன மில் எரிந்தது எண்பத்தொன்பதிலா தொண்ணூறிலா என்று சமையலறையில் சண்டை மூண்டிருந்தபோது, டார்லீன் இரண்டாவது முறையாகக் காபி போட்டு எடுத்து வந்தாள். மேஜையைச் சுற்றி ஏழு ஆண்கள். இடம் போதாமல் இருவர் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எண்பத்தொம்போதுதான்டா. என் பெரியவன் பொறந்த வருஷம்," என்றான் ரஸ். ஊருக்கெல்லாம் குழாய் ரிப்பேர் பார்ப்பவன்.

"அவன் பொறந்தன்னிக்கு நீ ஏரியில மீன் புடிச்சிக்கிட்டு இருந்த. உனக்கு அது ஞாபகம் இருக்குன்னு சொல்றியா?" என்றார் கோர்டி. தீயணைப்புக் குழுவின் தலைவர்.

பக்கத்து அறையில் படுத்திருந்த டார்லீனின் கணவன் ரெய்னோவின் குரல் நூல் போல வந்தது.

"தொண்ணூறு. அக்டோபர். ரஸ் அன்னிக்கு வண்டிச் சாவியத் தொலச்சான்."

சமையலறை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கெய்லின் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். டார்லீனின் தம்பி மகள் அவள். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர்.

ரெய்னோவுக்குப் பிழைப்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. தீயணைப்புக்குச் சம்பளம் கிடையாது; சங்கு ஊதினால் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஓடினான். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்று இப்போது எலும்புக்கு வந்துவிட்டது. தீயணைப்பவருக்குப் புற்று வந்தால் அது வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொண்டு இழப்பீடு தர வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. சம்பளமில்லாத தொண்டர்களுக்கும் சேர்த்து. ஆனால் அணைக்கப் போன தீ ஒவ்வொன்றுக்கும் பதிவு கேட்டார்கள். பதிவேடு, நிலையத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்த வருஷம் கூழாகிப் போயிருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு தீக்கும், அதை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் வந்தது.

ரெய்னோ முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பக்கத்து வீடு எரிஞ்சா அணைக்கிறதுக்குக் காசு கேப்பாங்களா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கோர்டிதான் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் குடலிலும் ஒரு கட்டியைக் கண்டுபிடித்திருந்தார்கள். "இந்த ஊருல மொத ஆளு நீ. உன் பேப்பர் நின்னாத்தான் எங்க பேப்பர் நிக்கும். உனக்காக இல்லடா, கழுத," என்றார். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டான்.

இன்று காலை வந்த நர்ஸ், வாசலில் கையுறையை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கோ நாளைக்கோதான்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். டார்லீன் உள்ளே வந்து, "அவங்கள இன்னொரு நாள் வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"எந்த இன்னொரு நாள்?" என்றான் ரெய்னோ. "வரட்டும். நீ ஏலக்கா ரொட்டி போடு. வீடு மூச்சு விடாமக் கெடக்கறதுக்கு அவனுங்க கத்திக்கிட்டாவது இருக்கட்டும்."

மதியத்துக்கு முன்பே விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டாள் கெய்லின். எழுத்து சரிந்து காகிதத்தின் விளிம்புக்குப் போயிற்று. "பஸ் லைசென்ஸ் வாங்கறப்பகூட இத்தனை கையெழுத்துப் போடலம்மா," என்றான்.

"அதான் அப்படி ஓட்டினீங்க மாமா," என்றாள் அவள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

எரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தது. டயர் கிடங்கு. மரமில். லெம்பி கிழவியின் வீடு; நான்கு பேர் பியானோவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் கிழவி உள்ளேயே இருக்கிறாள்; ரெய்னோ திரும்பிப் போய் அவளையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"முகமூடி ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு," என்றார் கோர்டி. "கோட்டு எவ்வளவு கருப்போ அவ்வளவு பெருமை. எவனாவது துவச்சான்னா கேலி பண்ணியே கொன்னுடுவோம்."

டார்லீன் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். அந்தக் கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். 'என்ன ஆச்சு?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல, வெறும் புகை,' என்பான். தலையணை உறையில் கரி படிந்திருக்கும். முப்பத்தோரு வருஷமாக அவளுக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான்.

"கிழவியத் தூக்கினத எங்கிட்டச் சொல்லவே இல்லியே!" என்று அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சொல்லியிருந்தா அடுத்த தடவ வுட்டிருப்பியா?"

மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். இந்தச் சமையலறையில் இவ்வளவு சத்தம் கேட்டு மாதக்கணக்காயிற்று, நன்றாகத்தான் இருந்தது.

இரண்டரை மணி சுமாருக்குப் பேச்சு சலவைக் கடைத் தீக்கு வந்தது. இரண்டாயிரத்து மூன்று என்றார் கோர்டி. நான்கு என்றான் ரஸ். எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

"அஞ்சா இருக்குமோ?" என்றார் கோர்டி.

ரஸ் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உரக்கச் சொன்னான்: "தொண்ணூத்தெட்டு! சத்தியமாத் தொண்ணூத்தெட்டு!"

ஏழு முகமும் புன்னகையோடு அறை வாசலைப் பார்த்தன. அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. புன்னகைகள் அப்படியே நின்று, பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

டார்லீன் கத்தியைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் தலை சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. பேச்சு தன் பக்கம் வருவதற்குக் காத்திருப்பவனைப் போல உதடு சற்றே பிரிந்திருந்தது. கையில் சூடு இருந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரமாக எதை எண்ணி எண்ணிப் பயந்தாளோ, அந்தத் திணறலும் கூப்பாடும் வரவே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

கோர்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நர்ஸக் கூப்பிடட்டுமா, டார்லீன்?"

"செத்த நேரம் போகட்டும்."

ஜன்னலுக்கு வெளியே பனி வெயிலில் கூசியது. வெகு நேரம் கழித்து அவள் கேட்டாள்: "கெய்லின், எத்தன ஆச்சு?"

"நூத்திப் பதினேழு, அத்தே."

"சலவைக் கடை இரண்டாயிரத்து நாலு. மார்ச். என் பச்சைத் திரைச்சீலை அதுலதான் போச்சு. இவன் வந்து, 'எல்லாத்தையும் காப்பாத்திட்டேன், உன்னுது மட்டும்தான் போச்சு'ன்னான். எழுதிக்கோ. சாட்சி நான் போடுறேன்."

கெய்லின் காகிதத்தைக் கொண்டுவந்தாள். டார்லீன் ஒரு கையை அவன் கையிலிருந்து எடுக்காமலே, மறு கையால் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் கோர்டி போட்டார்.

ஜூன் மாதம் தலைநகரிலிருந்து ஒப்புதல் கடிதம் வந்தது. இலையுதிர் காலத்தில் கோர்டியின் விண்ணப்பம் போனபோது யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ரெய்னோ போன அன்று, நர்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஆண்கள் கோப்பைகளைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவைத்தார்கள். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு வெளியே போய், படியில் வரிசையாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்கள். டார்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஸ்ஸின் லாரி கிளம்பினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். ரஸ் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மற்ற ஆறு பேரும் பின்னால் தோளைக் கொடுத்து, பனியில் கால் வழுக்க, ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாலை வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.