இரண்டாவது கேள்வி

பஸ் கடைசிச் சுரங்கத்தைத் தாண்டிக் கடலோரச் சாலைக்கு இறங்கியபோது, யோன்ஹி மகளை அருகில் இழுத்து மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அப்பா எங்கன்னு தாத்தா கேட்டா என்ன சொல்லணும்?"

"வேலை விஷயமா வெளியூர் போயிருக்காரு." வாயில் மிட்டாய் இருந்ததால் அரினின் ஒரு கன்னம் புடைத்திருந்தது.

"அவ்வளவுதான். வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

அரின் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து வயதுக்கு அவள் சமர்த்து. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். இப்போது அதுதான் யோன்ஹிக்கு என்னவோ போலிருந்தது.

கணவன் கிவோன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. ஜூன் மாதம் விவாகரத்துக்காக நீதிமன்றத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். முதலில் இரண்டு வாரத்துக்கொரு சனிக்கிழமை வந்து மகளைக் கூட்டிப்போனவன், மழைக்காலம் தொடங்கியதும் வருவதை நிறுத்திவிட்டான். அரின் கேட்கும்போதெல்லாம் "அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவந்தாள் யோன்ஹி. பிறந்த ஊரான ஹுபோவில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஏப்ரலில் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தபோது, "அவரு காதுல கெட்ட சேதி எதுவும் போடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அண்ணன் துசிக் போனில் பொதுவாகத்தான் சொன்னான். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. அப்பாவின் பிறந்தநாள் முடியட்டும், அம்மாவின் திதி முடியட்டும், சூசோக் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அப்பாவுக்குக் கிவோனை அவ்வளவு பிடிக்கும். பட்டணத்து மாப்பிள்ளை நண்டுப் படகில் ஏறி, அலையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு "இன்னொரு ரவுண்டு போலாமா மாமா?" என்று கேட்ட கதையைத் துறைமுகத்தில் அவர் சொல்லாத ஆள் கிடையாது. பெற்ற மகனைப் பற்றிக்கூட அப்படி ஒரு கதை அவரிடம் இல்லை.

பஸ் நிலையத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வாயின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பையை வலது கையால் வாங்கிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை?"

யோன்ஹி வாயைத் திறப்பதற்குள் அரின் சொன்னாள், "வேலை விஷயமா வெளியூர் போயிருக்காரு."

"பண்டிகையும் அதுவுமா என்ன வேலை?" என்றார் அப்பா. பிறகு பேத்தியின் தலையைத் தடவிவிட்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் நண்டு விலையைப் பற்றித்தான் பேசினார். தப்பித்துவிட்டோம் என்று யோன்ஹி நினைத்தாள்.

மறுநாள் பண்டிகைக்கு முந்தைய நாள். காலையில் அப்பா அரினைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். வீட்டில் யோன்ஹியும் அண்ணியும் கூடத்தில் பாயை விரித்து அரிசி மாவை எள்ளுப் பூரணம் வைத்து அரைநிலாக் கொழுக்கட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். பக்கத்து வீட்டு மருமகள் பண்டிகைக்கென்றே வருஷா வருஷம் இடுப்பு வலி வரவழைத்துக்கொள்வதைச் சொல்லிச் சிரித்தாள். துறைமுகத்திலிருந்து திரும்பிய அரின் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். அவளும் இரண்டு பிடித்தாள். சாப்பாடு முடிந்து, கடைசித் தட்டையும் பைன் இலை பரப்பி ஆவியில் ஏற்றியபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது.

"ஆனாலும் உனக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாதும்மா," என்றாள் அண்ணி, கையிலிருந்த மாவைச் சுரண்டியபடி. "மாப்பிள்ளை வர்றாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு படி மாவு பிசைஞ்சிருப்பேன்ல? போன வருஷம் அவரு பிடிச்சதெல்லாம் நெத்திலி மாதிரி இருந்துச்சு. ஆனா தின்னதும் அவருதான்."

"யாரு வர்றாரு அண்ணி?"

"யாரா? மூணு மணி பஸ்ல உன் வீட்டுக்காரருதான். மாமா ஷேவ் பண்ணிட்டு, நல்ல கோட்ட எடுத்து மாட்டிக்கிட்டு அப்பவே கெளம்பிப் போயாச்சு. நான் கூட்டிட்டு வர்றேன்னு உங்க அண்ணன் சொன்னதுக்கு, 'என் மாப்பிள்ளைய நான் கூட்டிட்டு வர்றேன், நீ ஒன் வேலையப் பாருடா'ங்கறாரு."

யோன்ஹி எழுந்து உள்ளறைக்குப் போனாள். அரின் பண்டிகைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள். நாளைக்கென்று வைத்திருந்த சிவப்புப் பாவாடை. அண்ணிதான் கட்டிவிட்டிருக்க வேண்டும்.

"தாத்தாகிட்ட என்னடி சொன்ன?"

"நீ சொன்னதத்தான்."

"மூணு மணி பஸ்ஸுன்னு நான் எப்ப சொன்னேன்?"

அரின் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள். "துறைமுகத்துல தாத்தா ரெண்டாவது கேள்வி கேட்டாரு. அப்பா எப்ப வருவாருன்னு. அதுக்கு நீ சொல்லித் தரலம்மா. நானே யோசிச்சுச் சொன்னேன். வெளியூர் போனவங்க எல்லாரும் சூசோக்குக்கு வந்துருவாங்கல்ல? பஸ்ல எல்லாரும் அப்படித்தான வந்தாங்க? நாமளும் மூணு மணிக்குத்தான வந்தோம்?"

ஓங்கிய கை எப்போது ஓங்கியது என்று யோன்ஹிக்குத் தெரியவில்லை. இறக்கிக்கொண்டாள். குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்றுதான் நேற்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டிருந்தது. குழந்தை ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே நம்பியிருக்கிறது.

பஸ் நிலையத்துக்கு அரை மைல். ஏற்கெனவே மூன்றாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது. பாவாடை தடுக்கித் தடுக்கி விழப்போன அரினைப் பாதி வழியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சியோல் பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேரிக்காய்ப் பெட்டியோடு ஒருவர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, சீருடையில் ஒரு சிப்பாய். அப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒற்றைக் கையால் சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பண்டிகைக் கூட்டம். பஸ்ஸ விட்டிருப்பாரு," என்றார் இவர்களைப் பார்த்ததும். "அடுத்தது நாலு நாப்பதுக்கு."

"அடுத்ததுல வருவாரு," என்றாள் அரினும். ஓடிப்போய்ப் பஸ் வந்து திரும்புகிற முனை தெரிகிற மாதிரி நடைமேடையின் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

"அப்பா, அவரு வர மாட்டாரு," என்றாள் யோன்ஹி.

ஓடி வந்த மூச்சோடு, நின்று நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்தக் கைகளையே பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

"எப்பலேருந்து?"

"ஜனவரியிலேருந்து."

"நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப போன் பண்ணாரே. ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பி வெச்சாரே."

அது அவளுக்குத் தெரியாது. அப்பா விழுந்த செய்தியை அவள்தான் கிவோனுக்குச் சொன்னாள். அவன் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இப்போது அவன்மேல் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை.

அப்பா பேசியபோது வாயின் இறங்கிய ஓரம் நடுங்கியது. "பொண்டாட்டியப் பொதைச்சவன் நான். இதக் கேட்டா செத்துப்போவேன்னு நெனச்சியா?" பிறகு நடைமேடை ஓரத்தைக் காட்டினார். "எனக்குச் சொல்லாததாவது போகட்டும். அவளுக்கு?"

"தெரியாதுப்பா."

"தெரியாதுதான். பாரு, எப்படி நிக்கறான்னு."

பாவாடை முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரின் நின்றிருந்தாள். மண் படக் கூடாதென்று அண்ணி சொல்லியிருப்பாள்.

"போய்ச் சொல்லு. அடுத்த பஸ் வர்றதுக்குள்ள சொல்லு," என்றார் அப்பா. எழுந்து டிக்கெட் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

யோன்ஹி மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பித்தாள், எந்த வார்த்தையைச் சொன்னாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. அப்பா வெளியூர் போகவில்லை என்று சொன்னாள். அப்பாவின் வீடு இப்போது வேறு என்று சொன்னாள். நாலு நாற்பது பஸ்ஸிலும் வர மாட்டார், நாளைக்கும் வர மாட்டார் என்று சொன்னாள். அரின் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"ஆமா."

"என்னையா?"

"இல்லடா கண்ணு. என்னை."

அரின் பிடித்திருந்த பாவாடையை விட்டாள். அது தரையில் புரண்டது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பஸ் நேரங்களை எழுதிய பலகை இருந்தது. தாத்தா இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா நீட்டிய கையைத் தொடாமல் அரின் நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். தானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. கழுத்தை முழுக்க நிமிர்த்திப் பலகையின் மேல்வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.