ஏழில் திறந்த வால்வு

காலை பத்தே முக்காலுக்கு, மூன்றாவது தடவையாக, பாதுகாப்பு வால்வு திறந்தது. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் அந்த ஹவுன்ஸ்லோ சலவைத் தொழிற்சாலையின் நிலக்கீழ் அறையில், கொதிகலனுக்கு முன்னால் நின்ற கமலநாதன் அழுத்தமானியைப் பார்த்தார். முள் ஏழில் நின்றது. வால்வு பத்து பாரில்தான் திறக்க வேண்டும். கூரைக்குப் போகும் குழாயில் நீராவி இரைந்துகொண்டு வெளியேறியது. மேல் தளத்தில் விரிப்புகளை உலர்த்தித் தேய்க்கும் உருளைகள் சூடு போதாமல் அவற்றை ஈரமாகவே தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றில் வால்வின் சுருள்வில் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மானி பொய் சொல்ல வேண்டும். வில் தளர்ந்திருந்தால் வீணாவது நீராவி மட்டும்தான். மானி பொய்யென்றால் கலனுக்குள் இப்போதே பத்து இருக்கிறது. வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அவர் நித்திரை கொண்டு பல நாளாயிற்று. அண்ணன் சபாரத்தினம் குடும்பத்தோடு வன்னியில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே போரில் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்த அந்த மண்துண்டில் அகப்பட்டிருந்தார். 2009 ஏப்ரல் கடைசியில் யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். பதுங்குகுழியைப் பற்றியோ பசியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "அங்க இப்ப மழையோ?" என்று கேட்டார். கமலநாதன் ஓம் என்றார். பிறகு வேறு குரல்கள் கேட்டன, இணைப்பு அறுந்தது. அது நடந்து மூன்று கிழமை. கமலநாதனின் மனைவி ரஜனி விடிந்ததும் பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிக் கோஷமிடும் மற்றவர்களோடு வீதியில் இருந்துவிட்டு, தொண்டை கட்டி வீடு திரும்புவாள். கமலநாதனால் போக முடியவில்லை. காலை ஷிப்டில் கொதிகலனைப் பார்க்கச் சான்றிதழ் உள்ள ஆள் அவர் ஒருவர்தான்.

மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கிறிஸ்துராஜா கேட்டிருந்தார். ஜேம்ஸ் வாட்டைப் பற்றித்தான் வருமென்று அவர் நினைத்திருப்பார். கமலநாதன் எழுதத் தொடங்கியது, வாட்டுக்கு ஒரு தலைமுறைக்கும் முன்னால் வாழ்ந்த டெனி பப்பின் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றி. லண்டனுக்கு வருமுன் கமலநாதன் ஜெர்மனியின் காஸல் நகரில் பதினேழு வருடம் வெப்பக்குழாய் பொருத்துகிறவராக இருந்தார். அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்கு முன்னால் பப்பினின் பெயரில் ஒரு நீரூற்று உண்டு. அதன் விளிம்பில் குந்தியிருந்துதான் மத்தியானச் சாப்பாட்டுப் பாணைத் தின்பார். வருடக்கணக்காக அந்தப் பெயர் யாருடையது என்று அவர் கேட்டதில்லை. லண்டனுக்கு வந்த பிறகுதான் நூலகத்தில் தற்செயலாக வாசித்தார்.

மூடிய கலத்துக்குள் ஆவியை அடைத்து எலும்பையே குழைய வைத்த மனிதர் பப்பின். கலம் வெடிக்காதிருக்க, எடை தொங்கும் ஒரு வால்வையும் சேர்த்தே செய்தார். ஆவியால் இயந்திரத்தின் உந்துதண்டை உயர்த்தலாம் என்று முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர். மதத்தின் பெயரால் சொந்த நாடு அவருக்கு மூடப்பட்டது. ஜெர்மனிக்குப் போனார், காஸலில் உழைத்தார். கடைசியில் தான் கட்டிய துடுப்புச்சக்கரப் படகில் குடும்பத்தோடு லண்டனை நோக்கிப் புறப்பட்டார். கொஞ்சத் தூரத்திலேயே ஆற்றுப் படகோட்டிகள் அதை மறித்து உடைத்துப்போட்டார்கள். படகில்லாமல் லண்டன் வந்து சேர்ந்தவர், அறிஞர் சங்கத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். இன்னதைச் செய்து காட்டுகிறேன், ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்பதுதான் எல்லாவற்றினதும் சாரம். 1712க்குப் பிறகு கடிதம் இல்லை. கமலநாதன் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அவரை எங்கே புதைத்தார்கள் என்று இல்லை. கடிதம் நின்றது என்ற வரியோடு கொப்பியும் இரண்டு கிழமையாக அப்படியே நின்றது. அந்த வரிக்கு அடுத்து எதை எழுதப்போனாலும் கை வரவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஷிப்ட் மேனேஜர் செல்லப்பன் இறங்கி வந்தான். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழன், நாற்பது வயதுக்குள். கெட்டவனில்லை. சதுக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்று போன கிழமை தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைத் தன் காரில் ஏற்றிக் கொடுத்தவன். மருத்துவமனைகளுக்கு மூன்று லாரி போக வேண்டும் என்றான், பழுதுபார்ப்பவர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவாராம், விரிப்பு இல்லாவிட்டால் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போகும் என்றான். சொல்லிவிட்டு வால்வின் தலையில் இருந்த, வில்லை இறுக்கும் மறையாணியைப் பார்த்தான்.

"ஒரு சுத்து இறுக்கிவிடுங்கண்ணே. முள்ளு ஏழுலதானே நிக்குது."

"முள்ளு சரியெண்டு ஆர் தம்பி சொன்னது?"

கமலநாதன் தன் சந்தேகத்தை விளக்கினார். மேலே முப்பத்திரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், கலன் அவர்களுடைய காலுக்குக் கீழே இருக்கிறது என்றார். செல்லப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவனுடைய தொலைபேசி இரண்டு தடவை அடித்தது, இரண்டு தடவையும் திரையைப் பார்த்துவிட்டு எடுக்காமல் அணைத்தான். மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. அவனாகவே வால்வுக்குக் கிட்டப் போனான். யாரும் திருகாதபடி ஈய முத்திரை வைத்த கம்பியில் விரலை வைத்தான், எடுத்தான்.

"என்னாலயும் முடியல. உங்களாலயும் முடியாதுன்னா நான் என்னண்ணே பண்றது?"

"நான் நிப்பாட்டுறன்," என்றார் கமலநாதன்.

எரிபொருள் குழாயை மூடினார். சுடர் அணைந்தது. மேலே உருளைகள் ஒவ்வொன்றாக ஓய்வது கூரை வழியாகக் கேட்டது. தன் காதுக்குள் இவ்வளவு நாளும் இருந்த இரைச்சலில் எவ்வளவு கொதிகலனுடையது, எவ்வளவு தன்னுடையது என்று அவருக்கு அப்போதுதான் பிரித்தறிய முடிந்தது. தன்னுடையது நிற்கவில்லை.

பதினைந்து நிமிடத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அவர் வீட்டில் இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது செல்லப்பன் கதவைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். கமலநாதன் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு ரயில் ஏறினார். வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கிப் படியேறும்போது செல்லப்பன் அழைத்தான். பழுதுபார்ப்பவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பார்த்துவிட்டாராம். மானி சரியாம். வால்வின் வில்தான் தளர்ந்துபோய்க் கிடந்ததாம்.

"இறுக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதாம்ணே," என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனா அத நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்படித்தான் எழுதிக் குடுக்கப் போறேன்," என்றான்.

கமலநாதன் நன்றி சொன்னார். ஆறுதல் வரவில்லை. ஏழு என்று காட்டியது உண்மையாகவே ஏழாக இருந்திருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே இருந்து அறியமுடியாது என்ற நினைப்போடுதானே இத்தனை நாளும் அவர் அண்ணனை உயிரோடு வைத்திருந்தார். செய்திகளில் வந்த, இறந்தவர்களின் எண்ணிக்கைகளை அவர் நம்பியதில்லை. மானியைப் போல அவையும் உண்மையாக இருக்கலாம்.

சதுக்கம் முழுக்கச் சனம். காவலர்களின் மஞ்சள் அங்கிகளைத் தாண்டி உள்ளே போக நேரமெடுத்தது. ரஜனி ஒரு நீளப் பதாகையின் வலது கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கம்பைப் பிடித்திருந்த, அவளோடு போராட வரும் றோஸ்மலர் அக்கா, கால் கடுக்கிறது என்று கொஞ்சம் குந்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வெள்ளன வந்திட்டியள்? ஷிப்ட் முடிஞ்சுதோ?" ரஜனியின் குரல் பாதிதான் வந்தது.

"ஓம், முடிஞ்சுது."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கண்ணால் இடது கம்பைக் காட்டினாள். அவர் போய் அதை வாங்கிக்கொண்டார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது, பதாகை முழுதாக உப்பிக் கம்பைப் பிடுங்கப் பார்த்தது. அவர் நின்றது துணியின் பின்பக்கம். வெயில் ஊடுருவியதில் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால், சிவப்பு பஸ் ஒன்றின் மேல்தட்டில் இருந்தவர்கள் முன்பக்கத்தைப் படித்துக்கொண்டு போனார்கள். கமலநாதன் கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்.