ரிப்பன் மைக்கின் முதுகுப்பக்கம்

புது மைக் வந்த அன்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். எனக்குப் பளபளவென்று எது வந்தாலும் சந்தேகம்தான். பெட்டியைத் திறந்து பார்த்தேன். சரக்கு நல்ல சரக்கு. உள்ளே இரண்டு காந்தத்துக்கு நடுவே முடியைவிட மெல்லிசாக ஓர் அலுமினிய ரிப்பன். வாயால் ஊதினால் கிழிந்துவிடும்.

ஸ்டுடியோவில் பாதி என்னுடையது, பாதி என் தங்கை புருஷனுடையது. மச்சான் வெளியே ஆள் பிடிப்பார். நான் உள்ளே ஒலி பிடிப்பேன். காகித வேலையெல்லாம் என் மகள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. யார் காகிதம் நீட்டினாலும் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவேன். மகள் நீட்டினால் மட்டும் கேள்வியில்லாமல் கையெழுத்துப் போடுவேன்.

மைக்கை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மச்சானும் மகளும் பாடும் அறைக்குள் வந்தார்கள். எனக்குக் கையாட்டிவிட்டு, மைக்கின் பின்பக்கம் போய் நின்றார்கள். எங்கள் பழைய மைக்குகளுக்கு முதுகுப்பக்கம் காது கிடையாது. பாட்டுக்காரர்களைத் திட்டுவதென்றால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். ரிப்பனுக்கோ முன்னும் பின்னும் ஒரே காது, பக்கவாட்டில்தான் செவிடு. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இடத்தை வாங்கறவங்க நாளைக்கே பேப்பர் கேக்கறாங்கம்மா," என்றார் மச்சான். "உங்கப்பா விக்கமாட்டேன்னு பாறை மாதிரி உக்காந்திருக்காரு. நான் பேப்பரை நீட்டினா கையை ஒடிச்சிருவாரு."

"நீங்க நீட்டாதீங்க மாமா. நான் குடுக்கறேன். மைக்கோட வாரன்டின்னு சொன்னா போதும்."

"படிச்சுப் பாத்துட்டா?"

"அப்பாவா?" சிரித்தாள். "கையெழுத்தே அவருக்குப் படம் வரையற மாதிரிதான்."

மச்சான் பேசியது உறைக்கவில்லை. அவர்மேல் எனக்கு என்றைக்கு நம்பிக்கை இருந்தது? அந்தச் சிரிப்புதான். சிரித்து முடித்து அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. அவ்வளவு நல்ல மைக்.

கொஞ்ச நேரத்தில் காகிதத்தோடு என்னிடம் வந்தாள்.

"மைக் வாரன்டிப்பா. இங்க ஒரு கையெழுத்து."

"உள்ள போய் மைக் முன்னாடி நின்னு படி. டெஸ்ட் பண்ணின மாதிரியும் ஆச்சு."

"இதையா? வெறும் சட்டதிட்டம்பா. போரடிக்கும்."

"அடிக்கட்டும்."

போய் நின்று படித்தாள். ஐந்து வருஷம், கம்பெனியே பழுது பார்க்கும், தண்ணீர் பட்டால் பொறுப்பில்லை. காகிதத்தில் இல்லாததையெல்லாம் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள். ஓரிடத்திலாவது குரல் தடுக்கும், எச்சிலை விழுங்குவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இந்த மைக்கில் அது தப்பாது. ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்து பேனாவை நீட்டினாள். நான் காகிதத்தை மட்டும் வாங்கி மேஜைமேல் வைத்து, முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"படிக்கிறேன். உக்காரு, நேரமாகும்."

எனக்கு எழுத்துக்கூட்டிச் சத்தமாகத்தான் படிக்க வரும். மூன்றாவது வரியில் என் பெயர் வந்தது. அதை ஒட்டி 'பங்கு' வந்தது. அவள் உட்காரவில்லை.

"அப்பா, போதும்பா."

நான் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.